ஆற்றுக் கப்பலா, கடற் கப்பலா?

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள், வெளிநாட்டின் கலையையும் பண்பாட்டையும் காண விரும்புவோர் எந்தக் கப்பல் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைவீதிக்குச் செல்லும்போது பயண நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்க்கிறோம். வெள்ளை மாளிகைபோல ஒரு கப்பல், நீலக்கடல், கீழே ஒரு தலைக்கு இத்தனை வெள்ளி என்ற எழுத்து. ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கியவர்களும், பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனி நாமும் நாலு இடம் பார்ப்போம் என்று எண்ணும் பெற்றோரும் அந்த விளம்பரத்தின் முன் நிற்கிறார்கள். நிற்பதில் தவறில்லை. ஆனால் முப்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுப்பதற்கு முன், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்கு உதவும் சில கேள்விகளையும் கணக்குகளையும் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கப்பல் பயணம் நம் மக்களுக்குப் புதிதன்று. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் கப்பலேறி வந்தவர்களே. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1972-இல்தான் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்தது. ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ கப்பலும் இதே கடலில் ஓடியது. 1973-இல் ரஜூலா ஓய்ந்தபோது அதன் இடத்தைப் பிடித்த ‘சிதம்பரம்’ கப்பல், 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு சேவையை முடித்துக்கொண்டது. அந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலையே பார்த்து வந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அவர்களுக்குக் கப்பல் ஒரு வழி. இறங்கும் இடந்தான் வாழ்வு. இன்றைய உல்லாசக் கப்பலிலோ கப்பலே ஊராகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதற்கேள்வி இது: நாம் காண விரும்புவது கப்பலையா, ஊரையா? கப்பலையே காண வேண்டும், குழந்தைகள் நீச்சல் குளத்தில் விளையாட வேண்டும், மூன்று வேளையும் சமைக்காமல் உண்ண வேண்டும், இரவில் ஆடல் பாடல் பார்க்க வேண்டும் என்றால் பெரிய கடற்கப்பலே ஏற்றது. மூவாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஓடுகின்றன. அவற்றுள் சில கிள்ளானையும் தொட்டுச் செல்வதுண்டு. ஆனால் கோயிலையும் கல்வெட்டையும், மக்களின் தொழிலையும் உணவையும் காண வேண்டும் என்றால், கப்பலின் பெருமையைக் கேட்டுப் பயனில்லை. அது எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்றுதான் கேட்க வேண்டும். எமக்குத் தெரிந்த சில குடும்பங்கள் மூன்று நாள் கப்பல் பயணம் என்று பணம் கட்டிச் சென்றன. நடுவில் ஒரு நாள் முழுதும் கப்பல் எந்தத் துறையையும் தொடவில்லை. கடலில் மிதந்தது, சூதாட்டக் கூடம் திறந்திருந்தது. பயணத் தாளில் அந்த நாளுக்கு நேரே ‘கடல் நாள்’ என்று அச்சிட்டிருந்தது உண்மைதான். அச்சொல்லின் பொருளை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. ஆகவே பயணத் தாளை வாங்கியதும், எத்தனை துறை நாள், எத்தனை கடல் நாள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, துறைமுகம் ஊரில் இருக்கிறதா என்பது. இதைப் பலர் கேட்பதே இல்லை. தாளில் ‘பாங்காக்’ என்று போட்டிருக்கும். பெரிய கப்பல்கள் நிற்பதோ பெரும்பாலும் லெம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ‘ஹோ சி மின் நகரம்’ என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது பூ மி துறைமுகத்தில். நகருக்குள் செல்ல ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேருந்தில் போகவேண்டும். ‘போரோபுதூர்’ என்று படம் போட்டிருக்கும். கப்பல் நிற்பது சாவகத் தீவின் வடகரையில் உள்ள செமாராங்கில். போரோபுதூர் தீவின் உட்பகுதியில் இருக்கிறது. போகவர நான்கு மணி நேரத்துக்குக் குறையாது.

வகுப்பில் கணக்குப் போடுவதுபோல இதையும் போட்டுப் பார்ப்போம். காலை எட்டு மணிக்குக் கப்பல் துறையில் நிற்கிறது. மாலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. மொத்தம் 10 மணி நேரம். ஆயிரக்கணக்கானோர் இறங்குவதற்கும் குடிநுழைவுச் சோதனைக்கும் 1 மணி. போகவர 4 மணி. கப்பல் புறப்படுவதற்கு 1 மணி முன்னதாகத் திரும்பிவிட வேண்டும். மீதி 4 மணி. பகலுணவுக்கு ஒரு மணி போனால் மிஞ்சுவது 3 மணி. இந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் அந்த நாள் முழுதும். இப்போது பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் நகரின் நடுவில், சுவெட்டன்ஹாம் படகுத்துறையில். அங்கிருந்து குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். அதே 10 மணி நேரத்தில் 8 மணி நேரம் நம் கையில் இருக்கிறது. தொலைதூரப் பெயர் ஒன்று, பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்று; ஆனால் பண்பாட்டைக் காண எது கூடுதல் நேரம் தருகிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

கப்பல் துறையில் அணையாமல் கடலில் நங்கூரம் பாய்ச்சி, சிறு படகுகளில் பயணிகளைக் கரைசேர்க்கும் இடங்களும் உண்டு. புக்கெட் தீவின் பாத்தோங் விரிகுடாவில் அப்படித்தான். அலை ஆடும்போது கப்பலிலிருந்து படகுக்குக் கால் வைப்பது முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கடினம். அம்மாவையோ அத்தையையோ அழைத்துச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ஆற்றுக் கப்பலைப் பார்ப்போம். ஆற்றுக் கப்பல் சிறியது. சிலவற்றில் முப்பது நாற்பது பேர், பெரியவற்றில் நூறு இருநூறு பேர். நீச்சல் குளமும் நாடக அரங்கும் பெரிதாக இரா. ஆனால் அது ஊரின் கரையிலேயே போய் ஒதுங்கும். இறங்கினால் சந்தை, சந்தையைத் தாண்டினால் கோயில். பழைய நாகரிகங்கள் ஆற்றங்கரையில் தோன்றியவை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம் அல்லவா? ஆற்றுக் கப்பலின் சிறப்பு அந்த ஒரு வரியிலேயே அடங்கிவிடுகிறது.

நைல் நதியை எடுத்துக்கொள்வோம். எகிப்தில் லக்சர் நகருக்கும் அஸ்வான் நகருக்கும் இடையே மூன்று இரவு அல்லது நான்கு இரவுப் பயணமாக ஏராளமான கப்பல்கள் ஓடுகின்றன. லக்சரில் கர்னாக் கோயிலும், எதிர்க்கரையில் மன்னர் பள்ளத்தாக்கும் உள்ளன. வழியில் எட்ஃபு கோயில். கோம் ஓம்போ கோயிலோ ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. அஸ்வான் உயர் அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்க இருந்த அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை கல் கல்லாக அறுத்து மேட்டில் மறுபடி நிறுவினார்கள். நமக்கு இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள பெரனிகே, குசேர் அல்-கதீம் என்னும் பழைய துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரனிகேயில் ஒரு கோயிலில், இந்தியாவிலிருந்து சென்ற பெரிய சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. உரோமப் பேரரசின் காலத்தில் நம்மவர் அங்கே கால்வைத்திருந்தார்கள் என்பதற்கு இவை சான்று. ஆனால் அந்தத் துறைமுகங்கள் நைல் கப்பல் செல்லும் வழியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நைல் பயணத்தில் ஒரு சிறு குறையும் உண்டு. நெரிசலான துறைகளில் கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டி நான்கைந்தாக நிற்கும். சன்னலைத் திறந்தால் ஆறு தெரியாது, பக்கத்துக் கப்பலின் சன்னல்தான் தெரியும். ஆற்றைப் பார்த்த அறை என்று கூடுதல் பணம் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னும் அருகில் இருப்பது மீகோங் ஆறு. சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளின் வழியே அது ஓடுகிறது. லாவோஸ் நாட்டில் லுவாங் பிரபாங் வரை இரண்டு நாள் செல்லும் படகுகள் உண்டு. அந்நாட்டின் தெற்கே ஆற்றுக்கு அருகில் மலையடிவாரத்தில் வாட் பூ என்னும் பழைய சிவன் கோயில் இருக்கிறது. பலரும் விரும்புவது வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் இடையிலான பயணம். அதன் முடிவில் அங்கோர் வாட். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அந்தக் கோயிலின் சுவர்களில் குருக்ஷேத்திரப் போரும், இலங்கைப் போரும், பாற்கடல் கடைந்த காட்சியும் நீள நீளமாகச் செதுக்கப்பட்டுள்ளன. நம் குழந்தைகள் கதையாகக் கேட்டதைக் கல்லில் காணலாம்.

இங்கே பருவம் மிக முக்கியம். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியிலிருந்து வரும் ஆறு ஒரு விந்தையான ஆறு. மழைக்காலத்தில் மீகோங் பெருகும்போது அதன் நீர் ஏரியை நோக்கித் திரும்பி ஓடும். மழை ஓய்ந்ததும் மறுபடி ஏரியிலிருந்து கடலை நோக்கி ஓடும். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில்தான் கப்பல் அங்கோருக்கு அருகே செல்ல முடியும். நீர் வற்றிவிட்டால் பாதி வழியில் இறக்கிப் பல மணி நேரம் பேருந்தில் கொண்டுபோவார்கள். பயணத் தாளின் படத்தில் அது இராது. நீர் இறங்கிய காலத்தில் கரையும் உயர்ந்துவிடும். கப்பலிலிருந்து இறங்கிச் செங்குத்தான படிகளில் ஏற வேண்டியிருக்கும். அங்கோரின் படிகளோ இன்னும் செங்குத்து. முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கங்கையிலும் கப்பல் உண்டு. 2023 ஜனவரியில் காசியிலிருந்து புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’ 51 நாளில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சென்று, வங்காளதேசத்தின் வழியே அசாமின் திப்ருகரை அடைந்தது. அது பெருஞ்செல்வருக்கான பயணம். ஆனால் கல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றில் மேல்நோக்கிச் செல்லும் ஒரு வாரப் பயணங்களும் இருக்கின்றன. கால்னாவில் வட்டமாக அமைந்த 108 சிவன் கோயில்கள், முர்ஷிதாபாத் அரண்மனை, பிரெஞ்சுக்காரர் இருந்த சந்தன்நகர் ஆகியவற்றை அவ்வழியில் காணலாம். காய்கறி உணவு மட்டும் உண்பவர்களுக்கு இப்பயணத்தில் கவலை குறைவு.

கடலை விரும்புவோருக்கும் நல்ல வழிகள் இல்லாமலில்லை. வியட்நாமின் டா நாங் துறையில் நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் மி சோன் என்னும் இடத்தில் சம்பா நாட்டு மன்னர்கள் எழுப்பிய சிவன் கோயில்களைக் காணலாம். 1969-இல் குண்டு வீச்சில் பல இடிந்துபோயின. எஞ்சியவை 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2020-இல் அங்கே திருப்பணியின்போது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது. டா நாங் நகரிலேயே சம்பா சிற்பங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் அது ஒன்றே போதும். ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று விளக்கேற்றி வணங்குவோரில் பெரும்பாலோர் வியட்நாம் மக்களே. ஒரு தெய்வம் எப்படி ஊர்க்காரியாகிவிடுகிறாள் என்பதை அங்கே நின்று பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. இத்தகைய கோயில்களைக் கண்டதும், ‘எல்லாம் நம் தமிழன் கட்டியது’ என்று மார்தட்டுவோர் உண்டு. அங்கோரைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். மி சோனைக் கட்டியவர்கள் சாம் மக்கள். இந்தியாவிலிருந்து சமயமும் எழுத்தும் கதையும் சென்றன. கட்டிய கையும் கருத்தும் அந்நாட்டவருடையவை. தமிழரின் தடத்தைக் காண வேண்டுமா? அதற்கும் இடம் உண்டு. 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம், நம் கெடாவே. அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளமும் அருங்காட்சியகமும் உள்ளன. தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகிறது. மலாக்காவில் மலாக்கா செட்டி மக்களின் பொய்யாத விநாயகர் கோயில் 1781 முதல் இருந்துவருகிறது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே நமக்குப் பெருமை போதும். பிறர் பெருமையை எடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி, காலநிலை. நம்மில் பலருக்கு ஆண்டிறுதி விடுமுறையில்தான் பயணம் போக இயலும். அப்போது வடகிழக்குப் பருவக்காற்றால் தென்சீனக் கடலில் அலை மிகும். வியட்நாமின் நடுப்பகுதியில் மழை பெய்யும். ஆனால் நைல் பள்ளத்தாக்கில் அதுவே குளிர்ந்த, இனிய காலம். மலாக்கா நீரிணையும் ஓரளவு அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றினால் அந்தமான் கடல் கொந்தளிக்கும். 2023 அக்டோபரில் தொடங்கி, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலுக்குச் சில மணி நேரப் பயணந்தான். ஆயினும் கடல் சீறும் காலங்களில் அதுவும் நின்றுவிடுகிறது. தமிழகமும் யாழ்ப்பாணமும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர் அதற்கேற்ற மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது கேள்வி, மொத்தச் செலவு. விளம்பரத்தில் காணும் தொகை ஓர் அறையில் இருவர் தங்குவதற்கான தலைக்கட்டணம். துணைவரை இழந்து தனியே செல்பவர் சில சமயம் ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்க நேரும். அதன்மேல் துறைமுக வரி, பணியாளர் அன்பளிப்பு, கரையில் சுற்றிப் பார்க்கும் கட்டணம், விசா, காப்புறுதி ஆகியவை சேரும். நைலுக்கோ மீகோங்குக்கோ செல்ல விமானக் கட்டணம் வேறு. ஆற்றுக் கப்பலின் கட்டணம் முதலில் பெரிதாகத் தோன்றும். ஆனால் பலவற்றில் கரைச் சுற்றுலாவும் வழிகாட்டியும் நுழைவுச் சீட்டும் அதிலேயே அடக்கம். ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்து எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியில் மொத்தத் தொகையை, கரையில் நீங்கள் நிற்கப்போகும் மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வெள்ளி என்பது தெரிந்துவிடும். விளம்பரத்தில் மலிவாகத் தோன்றியது அங்கே விலை உயர்ந்ததாக நிற்பதைப் பல முறை காணலாம்.

பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்துக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். தெரிந்தவர், உறவுக்காரர், கோயிலில் பழகியவர் என்பதற்காக ரசீது இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ‘தம்பி, ரசீது எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை. சொன்னபடி நடக்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அங்கே பேசப்போவது உங்கள் கையில் உள்ள தாள்தான்.

சிறு குறிப்புகள் சில. கிள்ளான் துறைமுகம் என்றதும் பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ரயில் நிற்கும் இடம் வேறு. உல்லாசக் கப்பல் நிற்கும் இடம் இண்டா தீவில். அங்கே சாலை வழியாகத்தான் செல்ல வேண்டும். கடப்பிதழில் ஆறு மாதத்துக்குக் குறையாத தவணை இருக்கட்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைப் பயண நாளைக் காட்டிலும் சில நாள் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் முதல் வேலையாக நடத்தும் அபாயப் பயிற்சியில் அலட்சியமின்றிக் கலந்துகொள்ளுங்கள்.

நேயர்களே, நீந்தவும் உண்ணவும் ஓய்வெடுக்கவும் கடற்கப்பல். நிதானமாக ஊர்களைக் காண ஆற்றுக் கப்பல். இரண்டுக்கும் கையில் பணம் போதாதவருக்குப் பினாங்கும் பூஜாங்கும் மலாக்காவும் என்று இன்றைய பேச்சைச் சுருக்கிச் சொல்லலாம். மூன்றும் நல்லவையே. இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ரஜூலாவிலோ சிதம்பரத்திலோ வந்த பெரியவர் எவரேனும் இன்னும் இருந்தால், பயணத்துக்கு முன் ஒரு மாலை அவர் அருகில் அமர்ந்து, எந்த ஆண்டு ஏறினீர்கள், எந்தத் துறையில் இறங்கினீர்கள், பெட்டியில் என்ன கொண்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அங்கோர் இன்னும் பல நூறு ஆண்டு நிற்கும். அவர்கள் நினைவு அவ்வளவு காலம் காத்திராது. அந்தக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கப்பலேறுங்கள். இடம் விட்டு இடம் சென்ற மக்களின் கதையாக உலகம் உங்களுக்கு விளங்கத் தொடங்கும்.